கடன் யார் பெயரில், கணக்கு யார் பெயரில்?

(கடலூரில் சிறுதொழில் நடத்தும் பெண்கள் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம். துறைமுகத்தில் மீன் விற்றுவிட்டு அப்படியே வந்திருக்கிறீர்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிறவர்கள், குறிஞ்சிப்பாடியில் தறி வைத்திருப்பவர்கள், வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருப்பவர்கள் என்று பலரும் ஒரு நாள் வருமானத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"பொம்பளைங்களுக்குத்தான் இப்ப கடன் தாராளமா கிடைக்குதே" என்று ஊரில் பேசுகிறார்கள். கிடைக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. சிறுதொழில்களுக்குக் கடன் கொடுக்க ஒன்றிய அரசு 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் கடன் கணக்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பெண்களுடையவை. ஆனால் முத்ரா கணக்குகளில் பெரும்பாலானவை 'சிசு' வகை, அதாவது 50,000 ரூபாய்க்குள் அடங்குபவை. இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஒன்றிய அரசு 2024இல் சொன்னது: சிறுதொழில்களைப் பதிவு செய்யும் அரசு இணையதளமான உத்யம் தளத்தில் பதிவான தொழில்களில் 20.5 சதவீதம் பெண்களுடையவை. மொத்த முதலீட்டில் அவற்றின் பங்கு 11.15 சதவீதம், விற்றுமுதலில் 10.22 சதவீதம். ஐந்தில் ஒரு தொழில் பெண் கையில் இருக்கிறது, முதலீட்டில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

ஐம்பதாயிரத்தில் ஒரு கிரைண்டர் வாங்கி மாவு விற்கலாம். நாலு பேருக்கு வேலை கொடுக்கிற அளவுக்கு வளர மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ வேண்டும். அந்தப் படியில்தான் தடுக்கிறது.

வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்தவள் நான். மேசைக்கு அந்தப் பக்கம் என்ன கேட்பார்கள் என்று தெரியும். தொழிலைப் பற்றி இரண்டு கேள்வி கேட்பார்கள். அப்புறம், "வீட்டுப் பத்திரம் இருக்கா? பட்டா யார் பேர்ல?" பட்டா கணவர் பேரில், மாமனார் பேரில், சில வீடுகளில் இறந்துபோன தாத்தா பேரில் இருக்கும். பெண் பெயரில் இருக்கும் ஒரே சொத்து நகை. அதையும் பிள்ளை படிப்புக்கோ வீட்டுச் செலவுக்கோ ஏற்கெனவே அடகு வைத்திருப்பாள்.

இத்தனைக்கும் சட்டம் நம் பக்கம்தான். மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று தமிழ்நாடு 1989லேயே சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் திருமணமானவர்களை அந்தச் சட்டம் விட்டுவிட்டது. 2005இல் வந்த மத்தியச் சட்டம் அந்தக் குறையையும் நீக்கியது. பிறப்பிலேயே வரும் உரிமை இது என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆனால் நடப்பது என்ன? அண்ணன் தம்பி கூப்பிட்டு ஒரு புடவையும் கொஞ்சம் பணமும் கொடுத்து, பங்கு வேண்டாம் என்று எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். "பொறந்த வீட்டு உறவு வேணாமா?" என்று ஒரு வார்த்தை போதும். அந்தக் கையெழுத்தின் விலை என்னவென்று பல வருடம் கழித்து வங்கி வாசலில்தான் தெரிகிறது. பங்கை விடுவதற்கு முன் ஒரு வக்கீலிடம் கேளுங்கள், தயவுசெய்து. புதிதாக மனை வாங்குகிறவர்கள் மனைவி பெயரில் பதியுங்கள். 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு.

சரி, சொத்து இல்லாதவர்கள் என்ன செய்வது? குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010லேயே சொல்லிவிட்டது. வங்கிக்கு நட்டம் வந்தால் பெரும்பகுதியை ஈடுகட்ட 2000ஆவது ஆண்டிலிருந்து ஒரு கடன் உத்தரவாத அறக்கட்டளையும் இருக்கிறது. பிறகு ஏன் பத்திரம் கேட்கிறார்கள்? பத்திரம் வாங்கி வைத்தால் மேலாளருக்கு நிம்மதி. உத்தரவாதம் மூலம் பணம் வாங்க எழுத்து வேலை அதிகம். கணவர் கையெழுத்து கேட்பதும் இதே பழக்கம்தான். விதவைகளும் தனித்து வாழும் பெண்களும் அந்த இடத்திலேயே வடிகட்டப்படுகிறார்கள். தொழில் திறமை உள்ள ஒரு பெண்ணை, கணவர் இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்புவது எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்து, பலரும் யோசிக்காத ஒன்று. உங்கள் கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை யார் கணக்கில் இருக்கிறது? கை தூக்குங்கள். பாருங்கள், பாதிப் பேருக்கு மகன் கணக்கில், கணவர் கணக்கில். காலையிலிருந்து ராத்திரி வரை நீங்கள் விற்கிறீர்கள், விற்றதற்கான சான்று முழுவதும் அவர் பெயரில் சேர்கிறது. நடைமுறை மூலதனக் கடனை, அதாவது சரக்கு வாங்கவும் அன்றாடத் தொழில் செலவுக்கும் கொடுக்கும் கடனை, வங்கி எப்படிக் கணக்கிடுகிறது தெரியுமா? ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழு சொன்ன முறைப்படி, எதிர்பார்க்கும் வருட விற்பனையில் 20 சதவீதம். வருடத்துக்கு 10 லட்சம் விற்கிறீர்கள் என்றால் 2 லட்சம். அந்த 10 லட்சத்தைக் காட்ட உங்கள் பெயரில் கணக்கு இருக்க வேண்டும். நாளைக்கே அட்டையை மாற்றுங்கள். உத்யம் பதிவு உங்கள் பெயரில் இருக்கட்டும், அதற்குக் கட்டணம் கிடையாது. பலகாரம், ஊறுகாய், கருவாடு என்று எது விற்றாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுங்கள், வருடத்துக்கு 100 ரூபாய்தான். கடை வாடகை ஒப்பந்தமும் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

இதெல்லாம் நீங்கள் செய்ய வேண்டியது. ஆனால் எல்லாப் பொறுப்பையும் உங்கள் தலையில் கட்ட நான் இங்கே வரவில்லை. கடனின் வடிவமே நம் ஊர்த் தொழிலுக்குப் பொருந்தவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, மீன் வரத்து சுருங்கிவிடும். கூடை சுமக்கிறவளுக்கு வியாபாரம் இல்லை. ஆனால் வாரத் தவணை வசூலிக்க ஆள் வருவது நிற்காது. அந்தத் தவணையைக் கட்டத்தான் தண்டல் வாங்குகிறார்கள். பத்தாயிரம் என்று பேசி, 8,500 கையில் கொடுத்து, நாளுக்கு நூறு வீதம் நூறு நாள். வருட வட்டியாகப் போட்டுப் பார்த்தால் நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. நல்ல கடனை அடைக்க மோசமான கடன்.

முந்திரிக்கும் இதே கதை. கொட்டை வருவது கோடையில் சில மாதங்கள். அப்போது மொத்தமாக வாங்கி வைத்தவர்தான் வருடம் முழுக்க உடைத்து விற்க முடியும். இங்கே உடைக்கிற கைகள் பெண்களுடையவை, கொட்டை வாங்கும் பணம் வேறொருவருடையது. அவளுக்குத் தேவை சீசனில் எடுத்து, பருப்பு விற்க விற்கத் திருப்பிக் கட்டும் ஓவர் டிராஃப்ட். வங்கி கொடுப்பதோ மிஷினுக்கான கடன், அடுத்த மாதத்திலிருந்தே தவணை. அப்புறம் புயல். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்த மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததை யாரும் மறக்கவில்லை. இயற்கைப் பேரிடர் வந்தால் கடனைத் தள்ளிவைத்து மாற்றியமைக்க ரிசர்வ் வங்கி நெறிமுறை வைத்திருக்கிறது. எழுதிக் கேட்டால்தான் கிடைக்கும்.

கேட்பது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். விண்ணப்பம் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்குச் சான்று வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது விதி. "மேடம் இல்ல, நாளைக்கு வாங்க" என்று வாய்மொழியாக அனுப்புவதை ஏற்காதீர்கள். தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். நுண்கடன் வசூலுக்கு வருபவர்கள் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொல்லை செய்யக் கூடாது. குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகும்படி நுண்கடன் கொடுக்கவும் கூடாது. இது 2022இலிருந்து உள்ள விதி.

மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியிலிருந்து வந்திருக்கும் அதிகாரிகளிடம் இரண்டு கோரிக்கை. மீன் விற்கும் பெண்களின் தவணையைத் தடைக்காலத்துக்கு ஏற்ப அமைத்துக் கொடுங்கள். மாவட்டத்தில் பெண்கள் கொடுத்த எத்தனை கடன் விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டன, என்ன காரணத்தால் என்பதைக் கிளை வாரியாக வெளியிடுங்கள். கொடுத்த கடனின் எண்ணிக்கை எல்லாக் கூட்டத்திலும் வாசிக்கப்படுகிறது, திருப்பி அனுப்பியவர்களின் கணக்கை இதுவரை யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

இதை மனுவாக எழுதி வாசலில் வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடும்போது தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்று எழுதாதீர்கள். மீன் வியாபாரம், முந்திரி, தையல் என்று நீங்கள் செய்வதை எழுதுங்கள். உத்யம் பதிவு செய்ய வேண்டியவர்கள் ஆதார் அட்டையோடு பக்கத்து அறைக்குப் போகலாம், மாலை வரை அங்கே ஆள் இருப்பார்கள்.