185 கன்றுகளும் ஒரு நற்செய்தி நூலும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

1185 வாக்கில் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த ஜெரால்டு என்ற குருவானவர் அயர்லாந்துக்குப் போனார். கில்டேர் ஊரில் ஒரு பழைய நற்செய்திச் சுவடியைக் காட்டினார்கள். அதிலிருந்த பின்னல் வேலையை உற்றுப் பார்த்தவர், மனிதர் செய்ததாகத் தெரியவில்லை, தேவதூதர்களின் வேலை என்றே சொல்லலாம் என்று எழுதிவைத்தார். அந்தச் சுவடி இன்று இல்லை. அதே மரபில் வந்த கெல்ஸ் நூல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. அதைப் பார்க்கிறவர்களும் பெரும்பாலும் ஜெரால்டு சொன்னதையே திருப்பிச் சொல்கிறார்கள். அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்துப் பழைய கிறிஸ்தவத்தைக் கெல்டிக் கிறிஸ்தவம் என்பார்கள். அந்தப் பெயரைச் சொன்னாலே மூடுபனி, மர்மம், மந்திரம் என்று ஒரு பேச்சு கிளம்பிவிடுகிறது.

அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. இது மனிதக் கைகளின் வேலை. தோலைச் சுண்ணாம்பில் போட்டவர், மை கூட்டியவர், கோடு இழுத்தவர், எழுதும்போது பிழை விட்டவர், அதைக் கண்டுபிடித்துக் குறியிட்டவர் என்று ஒவ்வொருவர் கையும் இதில் தெரிகிறது. அந்த மடத்துக்காரர்களின் பக்தியைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அவர்களுடைய வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இடத்தையும் காலத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புனித கொலும்பா 563இல் அயர்லாந்தை விட்டுக் கடல் கடந்து, ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் அயோனா என்ற சிறு தீவில் மடம் அமைத்தார். 597இல் அங்கேயே இறந்தார். அவர் வழிவந்த மடங்கள் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் பரவின. 795இல் வைக்கிங் கொள்ளையர் அயோனாவில் இறங்கினார்கள். 802இல் மறுபடி வந்து எரித்தார்கள். 806இல் 68 பேரைக் கொன்றார்கள். அடுத்த ஆண்டே அயோனாத் துறவிகள் அயர்லாந்தின் உள்நாட்டில் கெல்ஸ் என்ற இடத்தில் புதிய மடம் கட்டத் தொடங்கினார்கள். கெல்ஸ் நூல் ஏறத்தாழ 800ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதப்பட்டது. அயோனாவிலா, கெல்ஸிலா, ஓரிடத்தில் தொடங்கி மற்றதில் தொடர்ந்ததா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எப்படியானாலும் உயிர்ப் பயம் சூழ்ந்த ஒரு தலைமுறையின் படைப்பு அது.

இனி தோலுக்கு வருவோம். இன்று எஞ்சியிருப்பவை 340 ஏடுகள், அதாவது 680 பக்கங்கள். ஒரு பக்கம் 33 செ.மீ. உயரம், 25 செ.மீ. அகலம். இதுகூட முழு அளவு இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஒரு பைண்டர் ஓரங்களை வெட்டி, வெட்டிய விளிம்பில் பொன்முலாம் பூசிவிட்டார். வெட்டுப்பட்டதில் ஓவியங்களின் ஓரமும் கொஞ்சம் போய்விட்டது. நடுவில் மடித்து இரண்டு ஏடாகும் ஒரு தாளுக்கு, ஒரு கன்றின் தோல் கிட்டத்தட்ட முழுவதுமே தேவைப்படும். அப்படிக் கணக்கிட்டு, மொத்தம் 185 கன்றுகள் வரை வேண்டியிருந்திருக்கும் என்கிறார்கள். பால்மாட்டை நம்பி வாழ்ந்த சமூகம் அது. கிடேரிகளை வளர்ப்பார்கள், காளைக் கன்றுகளில் பெரும்பாலானவை மிச்சம். பிறப்பவற்றில் பாதி காளை என்று வைத்தால், 185 தோல் சேர 370 ஈற்றுகள் வேண்டும். ஒரே ஆண்டில் இதைச் சேர்க்க எந்தச் சிறு மடத்தாலும் முடியாது. பல ஆண்டுச் சேமிப்பு, அல்லது பல ஊர்க் காணிக்கை.

தோலைச் சுண்ணாம்பு நீரில் சில நாள் ஊறப்போட வேண்டும். குளிர்காலமானால் இன்னும் அதிக நாள். நாள் குறைந்தால் முடி வேரோடு வராது, கொழுப்பும் தங்கிவிடும். கொழுப்பு தங்கிய இடத்தில் மை ஒட்டாமல் உருளும். நாள் கூடினால் தோலின் மேல்பரப்பு நொய்ந்துபோகும். பிறகு மழுங்கிய வளைகத்தியால் முடியைச் சுரண்டி, சட்டத்தில் இழுத்துக் கட்டுவார்கள். தோலின் ஓரத்தில் கூழாங்கல்லை வைத்து மடித்து, அதைச் சுற்றிக் கயிறு போட்டு இழுத்தால் கிழியாது. இழுத்த நிலையிலேயே பிறைவடிவக் கத்தியால் இருபுறமும் சுரண்ட வேண்டும். இந்தக் கட்டத்தில் கத்தி நுனி சற்றே பட்டால்கூடப் போதும்: தோல் இழுபட்டு உலரும்போது அந்தக் கீறல் நீள்வட்ட ஓட்டையாக விரிந்துவிடும். ஈரமாக இருக்கும்போதே கண்டால் தைக்கலாம். இல்லையென்றால் எழுதுகிறவர் ஓட்டையைச் சுற்றித்தான் எழுத வேண்டும். கெல்ஸ் நூலில் சில ஏடுகள் தடித்துத் தோல்போலவே இருக்கின்றன, சில ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியவை.

ஐரோப்பாவின் பிற பகுதிகளில் முடிப்புறமும் சதைப்புறமும் வேறு வேறாகத் தெரியும். அயர்லாந்து வழித் தோலில் இரண்டு புறமும் ஒன்றுபோல மெத்தென்று, மை பிடிக்கும் சொரசொரப்போடு இருக்கும். ஐந்து தாள்களை மடித்துப் பத்து ஏடுகளாக ஒரு கட்டு போடுவதே அவர்களுடைய விருப்பமான முறை. மடித்த பிறகு இரு ஓரங்களிலும் ஊசியால் துளையிட்டு, துளைக்குத் துளை கூரிய முனையால் அழுத்திக் கோடு இழுப்பார்கள். மையில்லாத பள்ளம் மட்டும் விழும். கெல்ஸ் நூலின் பெரும்பாலான பக்கங்களில் 17 வரிகள்.

எழுத அன்னம் அல்லது வாத்தின் சிறகு. இதே நூலில் யோவானின் உருவப்படம் உள்ள பக்கத்தில், அவர் கையில் இறகு இருக்கிறது, காலடியில் மைக்கூடு இருக்கிறது. முனையை அகலமாக வெட்டி, வரிக்குக் கிட்டத்தட்ட இணையாகப் பிடித்தால் நேர்க்கோடு தடித்தும் படுக்கைக்கோடு மெலிந்தும் விழும். உயர்ந்த எழுத்துகளின் தலையில் ஆப்பு வடிவம் வரும்படி ஒரு சிறு இழுப்பு கூடுதலாகக் கொடுப்பார்கள். அந்த ஆப்புத்தலையைப் பார்த்தாலே இந்த மரபு என்று சொல்லிவிடலாம்.

மைக்கு மாசிக்காய், அன்னபேதி, பிசின். நம் நாட்டு மருந்துக்கடையில் இன்றும் கிடைக்கும் சரக்குகள்தான். ஓக் மரத்தில் பூச்சி முட்டையிட்ட இடத்தில் திரளும் உருண்டையே மாசிக்காய். அதை இடித்து ஊறவைத்து, வடித்த நீரில் அன்னபேதியைச் சேர்த்தால் கருக்கும். எழுதும்போது சற்று வெளிறியே இருக்கும், காற்றுப் பட்டபின் கறுப்பு ஏறும். தோலுக்குள் இறங்கிப் பிடிப்பதால் எளிதில் அழியாது. அன்னபேதி அளவு மிஞ்சினால் காலப்போக்கில் அமிலம் தோலையே தின்னும். கரி மையும் பயன்பட்டிருக்கிறது. அது கறுப்பு மாறாது, ஆனால் மேலோடு நிற்பதால் உரசினால் உதிரும்.

எழுத்துப் பணி அந்த மடங்களில் எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு அயோனாவின் ஒன்பதாம் மடத்தலைவர் அடோம்னான் சாட்சி. கொலும்பா இறந்து சுமார் நூறு ஆண்டுக்குப் பின் அவருடைய வரலாற்றை எழுதியவர் அவர். பாய்த்தின் என்ற துறவி தாம் படியெடுத்த சங்கீதப் புத்தகத்தைச் சரிபார்க்க ஆள் கேட்கிறார். அதில் ஒரே ஓர் 'ஐ' எழுத்துதான் விட்டுப்போயிருக்கிறது என்று பார்க்காமலே கொலும்பா சொல்கிறார். அப்படியே இருந்ததாம். கொலும்பாவின் கடைசி நாளும் படியெடுப்பதில்தான் கழிகிறது. ஆண்டவரைத் தேடுவோருக்கு நன்மை எதுவும் குறைவுபடாது என்ற சங்கீத வரியோடு பேனாவை வைத்துவிட்டு, மீதியைப் பாய்த்தின் எழுதட்டும் என்கிறார். அற்புதங்களை நம்பலாம், நம்பாமலும் போகலாம். ஒரு மகானின் மகிமையைச் சொல்ல வந்தவர் பிழைதிருத்தத்தை எடுத்துக்காட்டாக வைக்கிறாரே, அதுதான் என்னை நெகிழவைக்கிறது.

கெல்ஸ் நூலிலோ பிழைகள் கணிசம். மத்தேயு 10:34இல் 'சமாதானத்தை அல்ல, வாளையே கொண்டுவந்தேன்' என்று இருக்க வேண்டிய இடத்தில், 'வாளை' என்ற லத்தீன் சொல்லின் எழுத்துகள் மாறி 'மகிழ்ச்சியை' என்று விழுந்திருக்கிறது. லூக்கா நற்செய்தியில் ஒரு முழுப் பக்கம் இரண்டு முறை எழுதப்பட்டிருக்கிறது. கண்டுபிடித்தவர் பக்கத்தைக் கிழிக்கவில்லை. 218ஆம் ஏட்டின் பின்பக்கத்தில் சிறு சிவப்புச் சிலுவைக் குறிகள் இட்டு, இதை வாசிக்க வேண்டாம் என்று காட்டிவிட்டார். வரி நிறைந்து சொல் மிஞ்சினால் மேல் வரியின் காலியிடத்தில் ஏற்றி எழுதி, பக்கத்தில் ஒரு குறியையோ விலங்கையோ வைப்பார்கள். தோல் வீணாகக் கூடாது என்ற சிக்கனமும் விளையாட்டும் ஒன்றாகச் சேர்ந்த இடம் அது.

இந்த மக்களுக்கு லத்தீன் தாய்மொழி இல்லை, புத்தகத்தைப் பார்த்துக் கற்ற மொழி. ரோமானியர்கள் இடைவெளி இல்லாமல் சொற்களைத் தொடர்ந்து எழுதினார்கள், ஓசையை வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். அயர்லாந்துக்காரருக்கு அது கைகூடவில்லை. ஆகவே சொல்லுக்குச் சொல் இடம் விட்டு எழுதும் வழக்கத்தை வளர்த்தார்கள். அது ஐரோப்பா முழுவதற்கும் பரவியது. மொழி கற்க அவர்கள் பட்ட பாடும் நமக்குக் கிடைத்திருக்கிறது. 1914இல் ஆன்ட்ரிம் மாவட்டத்தின் ஸ்பிரிங்மவுண்ட் சதுப்பில், மெழுகு பூசிய ஆறு யூ மரப் பலகைகள் கிடைத்தன. 600ஐ ஒட்டிய காலத்தவை. அவற்றில் கீறியிருப்பவை 30 முதல் 32 வரையிலான சங்கீதங்கள். மாணவருக்கு எழுத்தும் லத்தீனும் ஜெபமும் ஒரே பாடம். மடத்தின் அன்றாட வழிபாடே சங்கீதம்தான். 150ஐயும் மூன்று ஐம்பதுகளாகப் பிரித்து ஓதுவது அயர்லாந்து வழக்கம்.

நிறங்களைப் பற்றி நீண்ட காலம் ஒரு தவறான செய்தி உலவியது. நீலத்துக்கு ஆப்கானிஸ்தானத்து லாபிஸ் லசுலி கல்லைக் கொண்டுவந்தார்கள் என்றார்கள். லேசர் ஒளியை வைத்து நடத்திய ஆய்வில் அந்தக் கல் கெல்ஸ் நூலில் கிடைக்கவே இல்லை. நீலம் என்பது அவுரிச் சாயம், அங்கே வோட் என்ற செடியிலிருந்து எடுப்பது. மஞ்சள் அரிதாரம். சிவப்பு ஈயச் செந்தூரம். ஊதா, கல்பாசி இனத்தைச் சேர்ந்த ஒரு பாசியின் சாயம். வெள்ளை ஜிப்சம். பச்சை இரண்டு வழிகளில் வருகிறது: அரிதாரத்தோடு அவுரியைக் கலந்தது ஒன்று, செப்புக் களிம்பு மற்றொன்று. இந்தச் செப்புப் பச்சைதான் வினையானது. ஈரம் பட்ட ஏடுகளில் அது தோலை அரித்து ஓட்டையாக்கியிருக்கிறது. நூலுக்குள் பொன் ஒரு துளிகூட இல்லை. பொன்போல் தெரிவதெல்லாம் அரிதாரம். அது ஆர்சனிக் சரக்கு, நஞ்சு. அதை அரைத்தவரின் நுரையீரலை நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது கோலம். சுருள் வட்டங்கள் பழைய கெல்டிக் உலோக வேலையிலிருந்து வந்தவை. பின்னல் மத்தியதரைக் கடல் பக்கத்துச் சரக்கு. ஒன்றையொன்று கடிக்கும் விலங்குகள் ஜெர்மானியரிடமிருந்து வந்தவை. மூன்றையும் சேர்த்தது இந்த மடங்களின் சாதனை. தூய கெல்டிக் கலை என்று தனியாக ஒன்றை இதில் பிரித்துக் காட்ட முடியாது. 1868இல் அயர்லாந்தில் கிடைத்த ஆர்டா கிண்ணம் என்ற பூசைக் கிண்ணம் 350க்கும் மேற்பட்ட தனித்தனித் துண்டுகளைச் சேர்த்துச் செய்தது. தட்டான் பட்டறையில் பழகிய அந்தக் கண்தான் தோலிலும் வேலை செய்திருக்கிறது. பின்னல் போடும் முறை இது: புள்ளிகளைச் சதுரக் கட்டமாக வை, மூலைவாட்டுக் கோடுகளை ஓடவிடு, சில இடங்களில் தடுப்பு வை. கோடு தடுப்பில் முட்டித் திரும்பும். பிறகு ஒன்று விட்டு ஒன்று மேலே, கீழே என்று கடக்கவிட வேண்டும். ஓரிடத்தில் தவறினால் கடைசி முடிச்சுவரை தப்பாகிவிடும். அதனால்தான் எலும்பிலும் பலகைக்கல்லிலும் முன்கூட்டிச் செதுக்கிப் பழகியிருக்கிறார்கள். நென்ட்ரம் மடத்தில் அப்படிப்பட்ட கற்கள் கிடைத்துள்ளன.

34ஆம் ஏட்டின் முன்பக்கத்தைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். மத்தேயுவில் கிறிஸ்துவின் பிறப்பைச் சொல்லும் இடம். அவர் பெயரின் மூன்று கிரேக்க எழுத்துகள் பக்கத்தை முழுவதும் அடைத்துக்கொள்கின்றன. முதல் எழுத்தின் நீண்ட கால் இடப்பக்கம் இறங்கும் வழியில் தேவதூதர்கள். அடியில் இரண்டு பூனைகள், அவற்றின் முதுகில் எலிகள், நடுவே இரண்டு எலிகள் ஒரு வட்ட அப்பத்தைக் கடிக்கின்றன. அது நற்கருணை அப்பம் என்றே பலரும் கொள்கிறார்கள். அருகில் ஒரு நீர்நாய், வாயில் மீன். மேலே அந்துப்பூச்சிகள். மண், நீர், காற்று எல்லாம் அந்தப் பெயருக்குள் வந்துவிட்டன. இறையியல் விளக்கம் கூடுதலாகத் தேவைப்படாத பக்கம் இது.

ஆனால் இந்த நூலை வைத்து ஒரு வசனத்தைத் தேடினால் கிடைக்காது. முகப்பில் நான்கு நற்செய்திகளையும் ஒப்பிடும் அட்டவணைகளை அழகிய தூண் வளைவுகளுக்குள் எழுதியிருக்கிறார்கள். அட்டவணை பயன்பட வேண்டுமானால் உள்ளே ஓரத்தில் பகுதி எண்கள் வேண்டும். இரண்டு பக்கங்களைத் தவிர எங்குமே எண்கள் இடப்படவில்லை. பீடத்தில் வைத்துக் காட்டவும் திருவிழா நாளில் வணங்கவும் செய்த நூல் இது என்பதே பொருத்தம். 1007இல் இது திருடுபோனபோதும், இருந்த இடம் கெல்ஸ் பெரிய கற்கோயிலின் பூசைப்பொருள் அறை. இரண்டு மாதமும் இருபது இரவும் கழித்து, மேலே மண்கட்டி மூடிய நிலையில், பொன் பிடுங்கப்பட்டுக் கிடைத்தது என்று அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்பு என்ற பழைய அயர்லாந்து வரலாற்றேடு சொல்கிறது. திருடனுக்கு வேண்டியது மேலுறை மட்டும். நூலின் முதலும் முடிவும் இன்று இல்லை. யோவான் 17:13உடன் நின்றுவிடுகிறது.

மண்ணுக்குள் நெடுநாள் கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2006இல் டிப்பரேரி மாவட்டத்தில் ஃபாடன் மோர் சதுப்பில் கரிமண் தோண்டும் இயந்திரத்தில் ஒரு சங்கீதப் புத்தகம் அகப்பட்டது. அதுவும் 800ஐ ஒட்டியது. சதுப்பு நீரில் தோல் பெரும்பாலும் கரைந்துவிட்டது. மை இறங்கிய இடங்கள் மட்டும் மாசிக்காய்ச் சத்தால் பதமாகிப் பிழைத்துக்கொண்டன. ஆகவே பல பக்கங்களில் பக்கம் இல்லை, எழுத்துகள் மட்டும் தனித்தனியாகக் கிடந்தன. அவற்றை உலர்த்திப் பிரித்து அடுக்க ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். அதன் தோலட்டையின் உட்புறம் பப்பிரஸ் ஒட்டியிருந்தது. அயர்லாந்தின் நடுச் சதுப்பில் கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கத்துப் பொருள். ஒதுங்கிக் கிடந்த தனித்த சபை என்று இவர்களைச் சொல்கிறவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். ஈஸ்டர் நாளைக் கணக்கிடுவதில் ரோமாபுரியோடு நீண்ட நாள் பிணக்கு இருந்தது உண்மை. அதுவும் அயோனாவில் 716இல் தீர்ந்துவிட்டது.

கெல்ஸ் நூலை 1953இல் நான்கு தொகுதிகளாகப் பிரித்துக் கட்டினார்கள். டப்ளின் போக வாய்ப்பில்லாதவர்கள் டிரினிட்டி கல்லூரியின் இணையதளத்தில் முழு நூலையும் இலவசமாகப் பார்க்கலாம். 34ஆம் ஏட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். படமே இல்லாத சாதாரணப் பக்கம் ஒன்றைத் திறந்து, பெரிதாக்கி, வரிக்கோட்டின் பள்ளத்தைத் தேடுங்கள். பிறகு 218ஆம் ஏட்டின் பின்பக்கத்துக்குப் போய்ச் சிவப்புச் சிலுவைகளை எண்ணிப் பாருங்கள். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம். வணக்கம்.