படத்தைக் கொடுங்கள், சமன்பாட்டைக் கேளுங்கள்

அவைத்தலைவர் அவர்களே, கணித மன்றத்துக்கு இந்த அரங்கைத் தந்த தலைமையாசிரியர் அம்மா அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் கல்வி அலுவலர் ஐயா அவர்களே, வெயிலைப் பாராமல் வந்த பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். ஐயா கடைசிவரை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குத் தனி நன்றி.

வளைவரையைப் பார்த்துப் பல்லுறுப்புக் கோவையைக் கண்டுபிடிப்பது பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: பூச்சியங்கள், அதாவது கோவையின் மதிப்பு 0 ஆகும் இடங்கள்; வளைவரையின் இரு முனைகள்; புள்ளிகளிலிருந்து கோவையைக் கண்டுபிடிக்கும் லாக்ராஞ்சியின் சூத்திரம். 'சித்திரமும் கைப்பழக்கம்' என்ற ஔவை வாக்கு இதற்கும் பொருந்தும்.

ஒரு பள்ளியில் கரும்பலகையில் ஒரு வளைவரை வரைந்தேன். கீழிருந்து வந்து −2இல் எக்ஸ் அச்சை வெட்டி, −1இல் 8 வரை ஏறும். பிறகு இறங்கி, ஒய் அச்சில் 4 வழியாகப் போய், 1இல் எக்ஸ் அச்சைத் தொட்டு மறுபடி ஏறும். ஒரு பெண் வந்து (எக்ஸ் + 2)(எக்ஸ் − 1) என்று எழுதினாள். எல்லாரும் கைதட்டினார்கள். கடைசி பெஞ்சுப் பையன் மட்டும், "சார், அது பரவளையம். ரெண்டு பக்கமும் மேலே போகும். இங்கே இடது பக்கம் கீழே போகுதே!" என்றான். அந்தப் பெண் விரலால் கோட்டைத் தடவிக்கொண்டே போனாள். 1இல் விரல் நின்றது. "இங்கே வெட்டலை சார், தொட்டுட்டுத் திரும்புது." தொட்டுத் திரும்பினால் அந்தக் காரணி இரண்டு முறை வர வேண்டும் என்று இரண்டாவது காரணிக்கு வர்க்கம் போட்டாள். எக்ஸுக்கு 0 போட்டால் 2 வந்தது, படத்தில் 4. சரி, முன்னால் ஒரு 2 போட்டாள். அப்புறம் அவளாகவே −1 போட்டுப் பார்த்தாள்: 8. படத்தின் உச்சியும் 8தான். வகுப்பே எழுந்து நின்றது! எக்ஸின் மிக உயர்ந்த அடுக்கைத்தான் படி என்கிறோம்; மிகக் குறைந்த படியில் விடை 2(எக்ஸ் + 2)(எக்ஸ் − 1)².

அவளுக்கு வழி காட்டியது விரல். சித்திரமும் கைப்பழக்கம்!

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபடக் கேள்விக்கு 8 மதிப்பெண். சமன்பாடு தருவார்கள், அட்டவணை போட்டு, புள்ளி வைத்து, பிள்ளைகள் வரைவார்கள். நல்ல பயிற்சிதான். ஆனால் படத்தைக் கொடுத்துச் சமன்பாட்டைக் கேட்பதில்லையே! கேட்டால்தானே பிள்ளை கோட்டை உற்றுப் பார்க்கும்? நான் மேடைக்கு மேடை கேட்பது இதைத்தான்.

லாக்ராஞ்சிக்கு நேரமில்லை, எக்ஸ் மதிப்பு வேறுவேறாக உள்ள நான்கு புள்ளிகள் தெரிந்தால் மூன்றாம் படிவரையிலான கோவை ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐயா அவர்களே, காலாண்டுத் தேர்வில் இப்படி ஒரே ஒரு கேள்வி சேர்க்கச் சொல்லுங்கள். வரைபடத்தாளில் கையால் வரைந்த வளைவரைகளைக் கொண்டுவந்து அந்த மேசையில் வைத்திருக்கிறேன். ஆசிரியர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போங்கள்.