காளைக்கு வழக்கு, குதிரைக்கு ஏன் இல்ல? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. மதுரைப் பக்கத்துலேருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். "ஐயா, ஜல்லிக்கட்டுக்கு எதிரா சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க. குதிரைப் பந்தயத்துக்கு ஏன் யாரும் போகல? பணக்காரங்க விளையாட்டுங்கிறதாலயா?" படிச்சதுலேருந்து மண்டையைக் குடையுது இது.

போகாம இல்ல தம்பி. கிண்டி ரேஸ் வழக்கு இருக்கே! 1974ல தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டுச்சு. சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு 1996ல. ஆனா அங்க வாதம் எதைப் பத்தி? பணம் கட்டுறது சூதாட்டமா, திறமையான்னு. திறமைன்னுட்டாங்க. குதிரைக்கு வலிக்குமாங்கிறது அங்க பிரச்சினையே இல்ல.

காளை கதை வேற. காட்சிக்குப் பழக்கக்கூடாதுன்னு மத்திய அரசு ஒரு பட்டியல் வெச்சிருக்கு. கரடி, குரங்கு, புலி, சிங்கம், இப்படி. 2011ல அதுல காளையையும் சேர்த்தாங்க. 2014 தடைக்கு அது ஒரு பெரிய ஆதாரம். பிறகு 2017ல சட்டம் திருத்தி, 2023ல அது செல்லும்னு ஆனதெல்லாம் உங்களுக்கே தெரியும். குதிரை அந்தப் பட்டியல்லயே இல்ல. பணக்காரங்க சங்கதி அதுல இருக்கான்னா, இருக்குன்னுதான் எனக்குத் தோணுது.

"குதிரைக்கே ஓடப் பிடிக்குமே"ன்னு சிலர் உடனே கமெண்ட் போடுவீங்க. பழைய ஆளுங்களுக்கு என் பதில் தெரியும்: பிடிக்குமாங்கிறது இல்லப்பா, வலிச்சா நிக்க விடுவாங்களா? இங்கிலாந்துல கிராண்ட் நேஷனல்னு ஒரு ரேஸ். 30 தடை தாண்டணும். ஜாக்கி கீழ விழுந்த பிறகும் குதிரை மத்ததோட சேர்ந்து ஓடிட்டே இருக்கும். பாத்தீங்களா ஆசையைம்பாங்க. கூட்டமா வாழுற ஜீவன்யா அது! தனியாப் பின்தங்கினா பயம்.

அமெரிக்காவுல பார்பரோன்னு ஒரு குதிரை. 2006 மே மாசம் கெண்டக்கி டெர்பி ஜெயிச்சுது. ரெண்டே வாரத்துல அடுத்த ரேஸ்ல வலது பின்னங்கால் 20 துண்டுக்கு மேல நொறுங்கிப் போச்சு. காலோட கீழ்ப்பகுதியில சதை கிடையாது. எலும்பு, தசைநாண், தோல், அவ்வளவுதான். மேல 500 கிலோ உடம்பு. ஆபரேஷன் பண்ணி, தகடு வெச்சு, எட்டு மாசம் போராடினாங்க. ஒரு கால் ஊனமானா பாரம் மத்த காலுக்குப் போகுமில்ல? குளம்புக்குள்ள வீங்கி, நல்ல கால்களும் கெட்டுப்போய், 2007 ஜனவரியில ஊசி போட்டு முடிச்சாங்க. செலவழிக்க ஆள் இருந்த குதிரைக்கே இந்த கதி.

நீங்க கேட்டிருக்க வேண்டியது இன்னொண்ணு தம்பி. ஏன் ரெண்டு வயசுலயே ஓட விடுறாங்க? அமெரிக்கா, இங்கிலாந்துலல்லாம் பந்தயக் குதிரை எல்லாத்துக்கும் பிறந்த நாள் ஜனவரி 1. மே மாசம் பொறந்த குட்டிக்கும் அடுத்த ஜனவரியில ஒரு வயசுன்னு கணக்கு! எலும்பு முழுசா முத்த அஞ்சு வயசு வரைக்கும் ஆகும். சின்னதுலேயே அளவாப் பழக்கினா எலும்பு உறுதியாகும்னு ஒரு கட்சி உண்டு. அது நியாயம்தான். ஆனா பழக்குறது வேற, பரிசுக்கு விரட்டுறது வேற. கெண்டக்கி டெர்பில மூணு வயசுக் குதிரைக்கு மட்டும்தான் இடம். சீக்கிரம் ஜெயிச்சா சீக்கிரம் இனவிருத்திக்கு விடலாம், காசு அதுலதான்.

வயசை அஞ்சாக்கினா என்ன ஆகும்னு யாராவது கேட்டு எழுதுங்க, தனி வீடியோவே போடுறேன். அடுத்த கேள்வி...