ஸ்டீல் கட் ஓட்ஸும் மட்டிப்பழமும்

எல்லாருக்கும் வணக்கம். இப்பம் காலையில பாதிப்பேரு அடுப்படியில நின்னுக்கிட்டுதான் ரேடியோ கேப்பீங்க, நானும் அடுப்படி விஷயமாத்தான் வந்திருக்கேன். ஓட்ஸ் கஞ்சி. உடனே முகத்த சுளிக்காதீங்க, அவல் மாதிரி தட்டையா வருமே, ஆவியில வேகவச்சு ரோலர்ல நசுக்கினது, அது வேற. நான் சொல்லுறது ஸ்டீல் கட் ஓட்ஸ், முழு மணிய பிளேடால ரெண்டு மூணு துண்டா வெட்டினது, பாக்க நம்ம கோதுமை குருணை மாதிரியே இருக்கும்.

அப்படி இருந்ததுதான் எனக்கு வினையாப் போச்சு. வெளிநாட்டுல இருக்க மக லீவுக்கு வந்தப்பம் ஒரு டப்பா கொண்டு வந்தா, நானும் குருணைதானேன்னு பாலும் தண்ணியுமா குக்கர் முட்ட ஊத்தி விசில் போட்டுட்டு துணி காயப்போட போயிட்டேன். மூணாவது விசிலுக்கு நுரை பொங்கி சுவரு, காலண்டரு, எங்க வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடி, எல்லாம் கஞ்சி. உள்ள பாத்தா அடி கரிஞ்சிருக்கு, மேல மணி வேகவே இல்ல. எங்க மாமியார் திண்ணையில இருந்தே, "கஞ்சிக்கு எதுக்கு பிள்ள விசிலு, அது என்ன ரயிலா?"ன்னு கேட்டாவ. அதோட விட்டாவளா, மறுநாள் உளுந்தங்கஞ்சி வைக்கிற மண்சட்டிய எடுத்து அவங்களே வச்சுக் காட்டினாவ. ஓட்ஸ அதுக்கு முன்ன பாத்ததே கிடையாது, கேட்டுக்கிடுங்க.

அன்னைக்குப் படிச்சதுதான் நான் இன்னைக்கும் செய்யுறது. ஒரு கப் ஓட்ஸ ஒரு ஸ்பூன் நெய்யில வாசம் வர வறுத்து, மூணு கப் கொதிக்கிற தண்ணி ஊத்தி, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, தீயக் கொறச்சு இருபது இருபத்தஞ்சு நிமிஷம் விடணும். மணி மெத்துன்னு ஆன பிறகுதான் ஒரு கப் பால். பால் கடைசியில, மறந்துராதீங்க, முதல்லயே ஊத்தினா அடிபிடிக்கும். அப்புறம் அகப்பைய போட்டு ஒரு பத்து நிமிஷம் விடாம கிண்டணும், அப்பம்தான் ஓட்ஸுல உள்ள மாவும் பீட்டா குளுக்கான்னு சொல்லுற நாரும் கரைஞ்சு இறங்கி க்ரீம் மாதிரி வரும், க்ரீம் தனியா வாங்கி ஊத்தவே வேண்டாம். ஸ்காட்லாந்துக்காரங்களும் இதுக்குன்னே ஸ்பர்டில்னு ஒரு மரக்குச்சி வச்சிருக்காங்க, அங்க கார்பிரிட்ஜ்ங்கிற ஊருல 1994-ல இருந்து கஞ்சி வைக்கிற போட்டியே நடக்குது, ஜெயிச்சா தங்க ஸ்பர்டில். எங்க மாமியார் போயிருந்தா அகப்பையோட போயி வாங்கிட்டு வந்திருப்பாவ. கொஞ்சம் தளர இருக்கும்போதே இறக்கிருங்க, ஆற ஆற இறுகும்.

அய்யோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி ஒரு விரல காட்டுறாரு, ஒரு நிமிஷமாம். பழத்தப் பத்தி பேசத்தான் நான் பஸ் ஏறி வந்ததே! சரி, வேகமா சொல்லுறேன். மட்டிப்பழம், 2023-ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம கன்னியாகுமரி மட்டி வாழைப்பழம், அத வேகவைக்காதீங்க, இறக்கின பிறகு நறுக்கிப் போடுங்க, வாசமே போதும், சீனி வேண்டாம். ஏத்தன் பழம், அதான் நேந்திரம்பழம்னா நெய்யில வாட்டிப் போடணும். கைதச்சக்கை, அதான் அன்னாசி, பச்சையா பால்ல போட்டா கசந்துரும், கருப்பட்டியோட வதக்கி ஆறவச்சு மேல வைங்க. மாம்பழத்துக்கு நேரமில்ல. பால் மட்டும் கடைசியில, பால்...