பூமியோட ஃபேமஸ் போட்டோ, அதோட மூலையில கடலூர் புயல்

(திரையில்: முழு பூமி. மியூசிக் வேணாம்.)

இந்த படத்த பாக்காதவங்க இருக்கவே மாட்டாங்க. அட்லஸ் அட்டை, ஸ்டிக்கர், போன் வால்பேப்பர்னு எங்க திரும்பினாலும் இதான். பேரு ப்ளூ மார்பிள், நம்ம பாஷைல சொன்னா நீல கோலிகுண்டு. இப்ப மேல வலது ஓரத்த பாருங்க, வெள்ளையா ஒரு சுழி தெரியுதா? அது நம்ம ஊரு புயல்ங்க!

(ஜூம்: வலது மேல் ஓரம்)

1972 டிசம்பர் 7, அப்பல்லோ 17. நிலாவுக்கு ஆளுங்கள அனுப்பின அப்பல்லோ திட்டத்துல அதான் கடைசி பயணம். உள்ள 3 பேரு, செர்னன், எவன்ஸ், ஷ்மிட். அமெரிக்காவுல நடுராத்திரி தாண்டி ராக்கெட் கெளம்புது, 5 மணி நேரம் கழிச்சு 29,000 கிலோமீட்டர் தூரத்துல யாரோ ஒருத்தர் கேமராவ ஜன்னலுக்கு நேரா காட்டி தட்டிட்டாரு. யாருன்னு கேட்டா மூணு பேருமே நாந்தான்னு சொல்லிருக்காங்க, அதனால நாசா மூணு பேரு பேரையும் போட்டுடுச்சு. அது ஹாசல்பிளாட் கேமரா, அதுல கண்ண வச்சு பாக்க வியூஃபைண்டரே கெடயாது, குத்துமதிப்பா காட்டி எடுக்கணும். அப்படி எடுத்ததுதான் இது, நம்புங்க.

சரி, அந்த தூரத்துக்கு ஏன் போகணும்? இப்ப விண்வெளி நிலையம் 400 கிலோமீட்டர் உயரத்துலதான் சுத்துது, ரோட்டுல போனா சென்னை மதுரை தூரம்கூட இல்ல. பூசணிக்காய் மேல மூக்க வச்சுகிட்டு பாத்தா முழு பூசணி தெரியுமா? அதே கதைதான், அங்கேருந்து ஒரு வளைவு தெரியும், உருண்டை தெரியாது. முழுசா பாக்கணும்னா நல்லா தள்ளி போகணும், போனாலும் வெளிச்சம் சரியா விழணும். அன்னைக்கு சூரியன் இவங்க முதுகு பக்கம் இருந்துச்சு, அதனால பௌர்ணமி நிலா மாதிரி பௌர்ணமி பூமி. தெற்க கோடைகாலம் வேற, அண்டார்டிகா பளிச்சுனு வெள்ளையா நிக்குது.

(திரையில்: படம் மெதுவா தலைகீழா சுத்துது)

இன்னொன்னு, ஒரிஜினல் படம் தலைகீழ். தெற்கு மேல, ஆப்பிரிக்கா கவுந்து கெடக்கும், நம்ம புயல் கீழ இடது பக்கம். ஜனங்க குழம்பிடுவாங்கன்னு திருப்பி ரிலீஸ் பண்ணாங்க. மேலே கீழேன்னு அங்க ஏது, எனக்கென்னமோ தலைகீழா பாக்கதான் புடிச்சிருக்கு.

இதுல ஷ்மிட் ஒரு ஜியாலஜிஸ்ட், அதாவது பாறைய, மண்ண ஆராயறவரு. ஆனா போற வழி நெடுக ஜன்னல்ல எட்டிப்பாத்து எங்க மேகம், எங்க காத்து சுத்துதுன்னு ஹூஸ்டன்ல இருந்த நாசா கண்ட்ரோல் ரூமுக்கு சொல்லிட்டே போனாரு, நம்ம ரமணன் சார் மாதிரி.

இப்ப கீழ வாங்க.

(திரையில்: கடலூர் கடற்கரை)

அந்த புயல் 5ஆம் தேதி ராத்திரி, 6ஆம் தேதி விடியக்காலைன்னு கடலூர் பக்கம் கரைய கடந்துச்சு. உயிர்ச்சேதம், சென்னை வரைக்கும் வெள்ளம். போட்டோ எடுத்தது நம்ம நேரப்படி 7ஆம் தேதி சாயங்காலம் 4 மணி 9 நிமிஷம், அப்பவும் அந்த மேகக்கூட்டம் கலையல. இந்தியா படத்துல பெருசா தெரியாது, ஓரத்துல சரிஞ்சு போய் கெடக்கும், அதுக்கு மேலதான் அந்த சுழி. மேலேருந்து பாத்தா பால்ல டிகாஷன் ஊத்துனா சுத்துமே, அவ்ளோ அழகா இருக்கு.

எங்க பாட்டி அப்ப கடலூர் முதுநகர்ல ஓட்டு வீட்டுல இருந்தாங்க. காத்து தள்ளுன தள்ளுல கதவுக்கு உலக்கைய முட்டு குடுத்து, அம்மிக்கல்ல அண்டக்குடுத்து, மூணு புள்ளைங்கள கட்டிலுக்கு கீழ தள்ளிட்டு ராத்திரி பூரா உக்காந்திருந்தாங்களாம். போன வாரம் இந்த படத்த போன்ல காட்டுனேன். கண்ணாடிய போட்டுகிட்டு ரெண்டு வெரலால இழுத்து இழுத்து பாத்தாங்க.

"இத எப்போடா எடுத்தான்?"

"7ஆம் தேதி பாட்டி, சாயங்காலம் 4 மணிக்கு."

"4 மணிக்கா? அப்போ நானும் உங்க தாத்தாவும் தெருவுல ஓடு பொறுக்கிட்டு இருந்தோம். ஒடையாதது பதினாறுதான் கெடச்சுது."