புதுக் கட்டடம் எழும்புகிறது, பிள்ளைகள் எந்த வழியாக வருவார்கள்?

வணக்கம் மக்களே. மணி இப்போது காலை ஆறு ஐம்பது. என் முகம் உங்களுக்குச் சரியாகத் தெரியாது. விளக்குப் போடாமல் வேண்டுமென்றேதான் எடுக்கிறேன். நம் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து வருவது இந்த இருட்டில்தான். 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தினார்கள். அதுவரை ஆறரைக்கு விடிந்த பொழுது அன்றிலிருந்து ஏழு மணிக்கு விடிகிறது. என் அம்மா வெளிச்சம் வந்த பிறகு பள்ளிக்குக் கிளம்பினவர். என் மகள் கைவிளக்கோடு கிளம்புகிறாள். இதோ, இந்த வளைவைப் பாருங்கள், தெருவிளக்கே கிடையாது.

நான் நிற்பது பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய பெரிய சாலை, அதுதான் மத்திய அரசின் கூட்டரசு 1ஆம் எண் சாலை, நம் ஊர் வழியாகப் போகிறது. அதிலிருந்து ஒரு தோட்டத்துச் சாலை பிரிந்து செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்குள் நுழையும். அந்தச் சாலையில்தான் நம் பள்ளி. பள்ளியின் பெயரை இந்தக் காணொளியில் சொல்லப் போவதில்லை. இங்கே வேலை செய்கிற ஆசிரியர்கள் எல்லாரும் எனக்கு வேண்டியவர்கள். அதுவும் இல்லாமல், இதே கதை எத்தனையோ தோட்டத்துப் பள்ளிகளில் நடக்கிறது. பார்க்கும்போது உங்கள் பள்ளி உங்களுக்கு ஞாபகம் வரும்.

பின்னால் சாரம் கட்டி நிற்கிறதே, அதுதான் மூன்று மாடிப் புதுக் கட்டடம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 150 மாணவருக்குக் குறைந்தால் குறைந்த மாணவர் பள்ளி என்று முத்திரை விழும் நாட்டில், பிள்ளைகள் கூடிக்கொண்டே போகும் தமிழ்ப்பள்ளி நம் ஊரில் இருக்கிறது. சுற்றியுள்ள தாமான்களிலிருந்து, அதாவது குடியிருப்புப் பகுதிகளிலிருந்து, பெற்றோர் தேடி வந்து சேர்க்கிறார்கள். வகுப்பறை வருகிறது, கணினி அறை வருகிறது, நல்லது. அந்தப் பிள்ளைகள் வாசலுக்கு எப்படி வந்து சேருவார்கள் என்பதுதான் எனக்குக் கவலை. கட்டடத்துக்கு வரைபடம் இருக்கிறது. சாலைக்கு ஒரு தாளாவது யாராவது எழுதினார்களா?

கொஞ்சம் பொறுங்கள், லாரி வருகிறது. ஓரமாக நின்றுகொள்கிறேன்.

சரி, போய்விட்டது. செம்பனைக் குலை ஏற்றிய லாரி. பார்த்தீர்களா, நான் நின்ற இடம் லோங்காங், அதாவது சாலையோரச் சாக்கடையின் விளிம்பு. நேற்று டேப் கொண்டு வந்து அளந்தேன். தார் போட்ட அகலம் 4.8 மீட்டர். ஓரமாக ஒரு மைவி, சின்னக் கார்தான், நிற்கிறது என்று வையுங்கள், கண்ணாடியோடு சேர்த்து ஏறக்குறைய 2 மீட்டர் போய்விடும். லாரி 2.5 மீட்டர். மிச்சம் 30 சென்டிமீட்டர். ஏழு வயதுப் பிள்ளை புத்தகப் பையோடு அந்த 30 சென்டிமீட்டரில் நடக்கவேண்டும். நடக்க முடியாததால் காருக்குப் பின்னால் ஒதுங்கும், லாரி போனதும் சட்டென்று வெளியே வரும். பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரருக்கு அந்தப் பிள்ளை கடைசி நொடியில்தான் தெரியும்.

இந்தச் சாலையை இவ்வளவு ஒடுக்கமாகப் போட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஏழிலிருந்து பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் குடியிருந்தால் அந்தத் தோட்டத்தில் பள்ளி நடத்தவேண்டியிருந்தது. நம்முடைய பல பள்ளிகள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில் வந்ததற்கு அது ஒரு பெரிய காரணம். பிள்ளைகள் நடந்தே வந்தார்கள். சாலை மாட்டுவண்டிக்கும் டிராக்டருக்கும் போதுமானதாக இருந்தது. அப்புறம் லயம் காலியானது, குடும்பங்கள் தாமான்களுக்குப் போயின, பள்ளி மட்டும் அதே இடத்தில் நின்றது. நடந்து வருவார்கள் என்று நினைத்து வைத்த பள்ளிக்கு இன்றைக்கு எல்லாரும் காரில் வருகிறோம். நானும் மழை நாளில் காரில்தான் வருகிறேன்.

மணி ஏழு பத்து. இப்போது பாருங்கள் கூட்டத்தை. என் கையில் ஒரு அட்டை இருக்கிறது. கார், வேன், மோட்டார், லாரி, நடந்து வருகிறவர்கள் என்று ஐந்து கட்டம். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வரி. பதினைந்து நிமிடம் என்பதில் கவனமாக இருங்கள். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை வண்டி என்று மொத்தமாக எண்ணினால் நம் பள்ளிச் சாலை காலியாகத்தான் தெரியும். ஆறரைக்கு ஆள் இல்லை, ஏழே முக்காலுக்கும் ஆள் இல்லை. நெரிசல் முழுக்க ஏழு ஐந்துக்கும் ஏழு இருபத்தைந்துக்கும் நடுவில். மற்ற சாலைகளுக்குப் பொருந்துகிற கணக்கைப் பள்ளிக்குப் போட்டால், பிரச்சினையே இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

அந்த அண்ணனைப் பாருங்கள். மோட்டாரில் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. கடைசிப் பிள்ளைக்கு ஹெல்மெட் இல்லை. தயவுசெய்து கருத்துப் பகுதியில் அவரைத் திட்டாதீர்கள். எட்டு மணிக்கு ஃபேக்டரியில் நிற்கவேண்டியவர், வீட்டில் கார் கிடையாது, வேன் கட்டணம் மூன்று பிள்ளைக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் நம் நாட்டில் சாலையில் இறக்கிறவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டாரில் போகிறவர்கள். அதனால் வாசலுக்கு எதிரே கார்கள் யூ வளைவு போடுவதைத்தான் முதலில் நிறுத்தவேண்டும் என்கிறேன். திரும்புகிற காரின் மூக்கு சாலையை அடைக்கிறது, மோட்டார்கள் அதைச் சுற்றிக்கொண்டு நடந்து வரும் பிள்ளைகள் பக்கம் வருகின்றன.

இன்னொன்று, வேகம். வாசலுக்கு முன்னால் யாரும் வேகமாகப் போக முடியாது, நெரிசல். ஆனால் அந்த வளைவுக்கு முன்னால் இருக்கும் நேர் சாலையில் ஐம்பதில் வருகிறார்கள். ஐம்பதில் வருகிற கார், பிள்ளையைப் பார்த்து, பிரேக் அழுத்தி, நிற்பதற்குக் காய்ந்த சாலையிலேயே ஏறக்குறைய 28 மீட்டர் ஆகும். முப்பதில் வந்தால் 13 மீட்டர். இதோ, இந்த மின்கம்பத்திலிருந்து வாசல் வரை 13 மீட்டர் இருக்கும். 28 என்றால் வாசலைத் தாண்டி, அந்தப் பலகாரக் கடை மேசை வரைக்கும். பிள்ளைகள் நடக்கிற இடத்தில் 30 கிலோமீட்டர் வேகம் போதும் என்று 2020ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் உலக நாடுகள் கூடிச் சொன்னதும் இதனால்தான்.

சரி, காலை முடிந்தது. மதியம் வருகிறேன்.

மணி பன்னிரண்டு ஐம்பது. காலையை விட இதுதான் மோசம். காலையில் பிள்ளையை இறக்கிவிட்டு அரை நிமிடத்தில் போய்விடுகிறோம். மதியம் அப்படி இல்லை. நிழல் உள்ள இடம் கிடைக்கவேண்டும் என்று இருபது நிமிடம் முன்னாலேயே வந்து, இன்ஜினை அணைக்காமல் நிற்கிறோம். வாசலிலிருந்து பெரிய சாலை வரைக்கும் நடந்து அளந்தேன், ஏறக்குறைய 350 மீட்டர். நிற்கும் காருக்கு இடைவெளியோடு 7 மீட்டர் என்று வைத்தால் 50 கார் போதும், வால் பெரிய சாலையைத் தொட்டுவிடும். புதுக் கட்டடம் திறந்தால் அந்த வால் 1ஆம் எண் சாலையில் போய் நிற்கும். அங்கே பஸ்ஸும் லாரியும் எவ்வளவு வேகத்தில் வரும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

உடனே எல்லாரும் சொல்வது, பார்க்கிங் கட்டுங்கள் என்பதுதான். பெற்றோர் கூட்டத்தில் திடலில் பாதியைக் கல் கொட்டி நிரவலாம் என்று ஒரு அண்ணன் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் ஒரு கார் நிற்க, திரும்ப, வெளியே போக எல்லாம் சேர்த்து 25 சதுர மீட்டராவது வேண்டும். நூறு கார் என்றால் 2,500. பள்ளித் திடலில் ஓடுகிற இடமெல்லாம் போய்விடும். ஒரு நாளில் அரை மணி நேரம் கார் நிற்க, பிள்ளைகள் ஆண்டு முழுக்க ஓடாமல் இருக்கவேண்டுமா? எனக்கு மனம் ஒப்பவில்லை. அதோடு, பார்க்கிங் வந்தால் இதுவரை வேனில் அனுப்பியவர்களும் காரை எடுத்துக்கொண்டு வருவார்கள்.

வாருங்கள், உங்களை ஒரு இடத்துக்குக் கூட்டிப் போகிறேன்.

இது மாரியம்மன் கோயில் திடல். திருவிழாவுக்கு எத்தனை கார் இங்கே நிற்கும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பெரிய சாலையிலிருந்து நேராக இங்கே வரலாம், பள்ளிச் சாலைக்குள் நுழையவே வேண்டாம். அந்த வேப்ப மரத்துக்குப் பின்னால் ஒரு ஒற்றையடிப் பாதை. புல் மூடிக் கிடக்கிறது, ஆனால் பாதை இருக்கிறது. பழைய லயத்திலிருந்து பள்ளிக்குப் போன பாதை இதுதான். என் அம்மா ஆறு வருடமும் இதில்தான் நடந்தார். போன ஞாயிற்றுக்கிழமை என் மகளை நடக்கவைத்து நேரம் பார்த்தேன். அவளுடைய நடையில், வழியில் தொட்டாச்சிணுங்கியைத் தொட்டுப் பார்த்த நேரத்தையும் சேர்த்து, ஆறு நிமிடம். பள்ளியின் பின்வாசலில் போய் முடிகிறது.

பின்வாசல் பூட்டியிருக்கிறது. ஏன் என்று காவல் பார்க்கும் ஜாகா அங்கிளைக் கேட்டேன். "அம்மா, நான் ஒரே ஆள். முன்னாடி பார்ப்பேனா, பின்னாடி பார்ப்பேனா? யாராவது வெளி ஆள் உள்ளே வந்துட்டா யார் பதில் சொல்றது?" என்றார். அவர் சொல்வது முழுக்க நியாயம். அதனால் நான் கேட்பது நாள் முழுக்கத் திறந்து வைக்க அல்ல. காலையில் அரை மணி, மதியம் அரை மணி, இரண்டு பெற்றோர் முறை வைத்து அங்கே நிற்கவேண்டும். கோயில் பக்கம் ஒருவர், பின்வாசலில் ஒருவர். நான் திங்கள், புதன் இரண்டு நாளும் வருகிறேன் என்று பெற்றோர் சங்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பாதைக்கு என்ன வேண்டும்? ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு சிமெண்டு. லோங்காங் குறுக்கே போகும் இடத்தில் கைப்பிடியோடு ஒரு பலகைப் பாலம். மூன்று சோலார் விளக்கு. மதிய மழைக்குக் கூரை போட முடிந்தால் நல்லது, இல்லையென்றால் குடை போதும். புதுக் கட்டடத்துக்கு ஆகிற செலவில் இது ஓர் ஓரத்துத் தொகை.

கஷ்டம் பணத்தில் இல்லை, நிலத்தில் இருக்கிறது. இதை எனக்கு விளக்க ஒரு ஓய்வுபெற்ற சாலை மேற்பார்வையாளர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார். பெரிய சாலை கூட்டரசுடையது, பொதுப்பணித் துறை பார்க்கிறது. தாமான் சாலைகள் உள்ளாட்சி மன்றத்துடையவை. பள்ளிக்கு வரும் இந்தத் துண்டும் ஒற்றையடிப் பாதையும் தோட்ட நிர்வாகத்தின் நிலம். மாநிலச் சாலைகளின் பராமரிப்புக்கு மத்திய அரசு கொடுக்கும் மானியம், மேரிஸ் என்ற பட்டியலில் பதிவான சாலைகளுக்கு மட்டும்தான் வரும். தனியார் தோட்டச் சாலை ஒப்படைக்கப்படாமல் அந்தப் பட்டியலில் ஏறாது. நாம் இத்தனை நாள் குழிக்கு மன்றத்தில் புகார் கொடுத்துக்கொண்டே இருந்தோம், ஒன்றும் நடக்கவில்லை. காரணம் இப்போதுதான் எனக்குப் புரிந்தது. கடிதம் போகவேண்டிய இடங்கள் மூன்று. பெரிய சாலைச் சந்திப்புக்கு ஒன்று, தெருவிளக்குக்கும் வேகத்தடைக்கும் ஒன்று, பாதைக்கு அனுமதி கேட்டுத் தோட்டத்துக்கு ஒன்று. மூன்றிலும் ஒரே வரைபடம், ஒரே எண்ணிக்கைத் தாள்.

தோட்டத்திடம் இன்னொரு வேண்டுகோளும் இருக்கிறது. காலையில் போன அந்த லாரியின் அண்ணனை மதியம் ஆலை ரோட்டில் பார்த்துப் பேசினேன். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் வேகவைக்கவேண்டும், தாமதித்தால் எண்ணெயின் தரம் கெடும் என்றார். லாரியை நிறுத்துங்கள் என்று கேட்க முடியாது. ஆனால் ஏழிலிருந்து ஏழரை வரை மட்டும் எடைமேடையிலேயே நிற்கமுடியுமா என்று கேட்டேன். "மேல சொன்னா நாங்க நிப்போம் தங்கச்சி, எங்க வீட்டுப் பிள்ளையும் அங்கேதான் படிக்குது" என்றார்.

பள்ளி வாரியத்தில் இருப்பவர்கள் இதைப் பார்த்தால், படிநிலை ஒன்றையும் இரண்டையும், அதாவது கீழ் மூன்று வகுப்பையும் மேல் மூன்று வகுப்பையும், பதினைந்து நிமிட இடைவெளியில் விடுவதையும் யோசியுங்கள். அண்ணன் தம்பி இருக்கும் வீட்டுக்குக் கொஞ்சம் சிரமம்தான், அதனால் மூத்தவர் வரும்வரை இளையவர் நூலகத்தில் இருக்கலாம். இன்னொன்று, கட்டட அனுமதியோடு சாலைப் போக்குவரத்து ஆய்வு ஏதாவது நடந்திருந்தால் அதைப் பெற்றோருக்குக் காட்டுங்கள். நடக்கவில்லையென்றால் சாரம் இறங்குவதற்கு முன்னாலேயே கேளுங்கள். திறப்பு விழா முடிந்த பிறகு அளவு டேப்போடு யாரும் வரமாட்டார்கள்.

எண்ணுகிற அட்டையின் படத்தைக் கீழே போடுகிறேன், அச்சடித்துக்கொள்ளுங்கள். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாள் எண்ணவேண்டும். திங்களும் வெள்ளியும் மற்ற நாள் மாதிரி இருக்காது. மழை வந்தால் தாளின் மேலே மழை என்று எழுதுங்கள்.

அப்புறம், இந்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கோயில் திடலில் கூடுகிறோம். புல் வெட்டத் தோட்ட மேனேஜர் வாய்மொழியாகச் சரி சொல்லியிருக்கிறார். புல்வெட்டி இயந்திரம் இரண்டு கிடைத்துவிட்டது. அரிவாள், கையுறை, நீளக் காலணி வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள், லோங்காங் ஓரத்தில் பாம்பு உண்டு. பெரியவர்கள் யாராவது அந்தப் பழைய பாதையில் நடந்திருந்தால் கட்டாயம் வாருங்கள். வேப்ப மரத்துக்கு அப்பால் அது இடப்பக்கம் திரும்பியதா, நேராகப் போனதா என்று என் அம்மாவுக்கே இப்போது சரியாக நினைவில்லை.