கேம் பாயும் நான்கு பென்டார்ச் பேட்டரிகளும்

வணக்கம் நண்பர்களே. மேசையின் மேல் கையில் பிடித்து ஆடும் வீடியோ கேம் கருவிகளான பழைய கேம் பாய் ஒன்று, கேம் கியர் ஒன்று, அவற்றில் செருகும் ஆட்டக் கேசட்டுகள் ஐந்தாறு, ஒரு கட்டு பஞ்சுக் குச்சி, சிறு கிண்ணத்தில் வெள்ளை வினிகர் ஆகியவை இருக்கின்றன. வினிகரைப் பார்த்துச் சமையல் காணொளிக்குள் வந்துவிட்டோமோ என்று யாரும் பதற வேண்டாம். பழைய கேம் கருவிகளைச் சேர்க்கத் தொடங்கிய இந்த எட்டு ஆண்டுகளில் நான் அதிகம் செலவழித்த பொருள்களைப் பட்டியலிட்டால், அதில் வினிகர் கட்டாயம் இடம்பெறும். ஏன் என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். இன்றைய பேச்சு முழுவதும் பேட்டரியைப் பற்றியது.

முதலில் இந்த கேம் பாயைப் பாருங்கள். சாம்பல் நிற உடல், பின்பக்கம் டிஎம்ஜி-01 என்ற மாடல் எண், அதாவது முதன்முதலில் வந்த வகை. பழைய பொருள் விற்கும் இணையதளம் ஒன்றில், "நன்றாக வேலை செய்கிறது, வெகுநாளாகப் பயன்படுத்தவில்லை" என்ற குறிப்போடு விற்பனைக்கு வந்திருந்தது. அந்த இரண்டு வாக்கியங்களில் முதலாவதை மட்டும் படித்துவிட்டுப் பணம் அனுப்பியது என் தவறு. பேட்டரி மூடியைத் திறந்தபோது நான் கண்டதை, கேமராவுக்கு அருகில் கொண்டு வருகிறேன், நீங்களும் பாருங்கள். எதிர்முனை ஸ்பிரிங்குகள் இரண்டின் மேலும் மயில்துத்தம் பூத்ததுபோல் பச்சையும் நீலமும் கலந்த படிவு இருக்கிறது, அதன் ஓரங்களில் வெள்ளைப் பொடி இருக்கிறது. குச்சியால் லேசாகத் தொட்டதும் ஒரு ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று முறுக்கு உடைவதுபோல் உடைந்து விழுந்தது. விற்றவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன், வெகுநாளாகப் பயன்படுத்தவில்லை என்பது முழு உண்மைதான்.

உள்ளே ஆல்கலைன் பேட்டரி இருந்திருக்கிறது. தீர்ந்த ஆல்கலைன் பேட்டரிக்குள் மெல்ல மெல்ல ஹைட்ரஜன் வாயு சேர்கிறது. அழுத்தம் கூடும்போது அடைப்பு விட்டுக்கொடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் வெளியே கசிகிறது. அந்தக் காரத்தை முறிக்க வினிகர் போன்ற மென்மையான அமிலம் போதும். பஞ்சுக் குச்சியை நனைத்து வைத்தால் நுரை வரும், பிறகு துடைத்து, ஆல்கஹாலால் ஒருமுறை கழுவி, நன்றாக உலர்த்த வேண்டும். ஆனால் நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் சிங்க்-கார்பன் பேட்டரி கசிந்திருந்தால் கதை வேறு. அதில் வெளிச்சுவராக இருக்கும் துத்தநாகமே மின்சாரம் தருவதற்காகக் கரைவதால், பேட்டரி தீரத்தீர சுவர் மெலிந்து ஓட்டையாகிறது. அதிலிருந்து வருவது அமிலத் தன்மை கொண்ட கசிவு என்பதால், சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூச வேண்டும். எது கசிந்தது என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் வினிகரை ஊற்றுவது தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மாத்திரை கொடுப்பதற்குச் சமம்.

சரி, இந்த நான்கு பேட்டரிகள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு வருகிறேன். கேம் பாய் ஜப்பானில் 1989 ஏப்ரல் 21 அன்று 12,500 யென் விலையில் வெளிவந்தது. அதை உருவாக்கிய நிண்டெண்டோ நிறுவனக் குழுவின் தலைவர் குன்பெய் யோகோய். பொறியியல் பக்கத்தில் முக்கியப் பங்கு சடோரு ஒகடாவுடையது. யோகோய் தம் வடிவமைப்புக் கொள்கையை, வாடி முதிர்ந்த தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் யோசித்துப் பயன்படுத்துவது என்று குறிப்பிட்டார். எனக்கு இது கொப்பரையை நினைவுபடுத்துகிறது. இளநீர் பார்ப்பதற்கு அழகு, குடிப்பதற்கு இனிமை, ஆனால் எண்ணெய் வேண்டுமென்றால் காய்ந்த கொப்பரையைத்தான் செக்கில் போட வேண்டும். எல்லோருக்கும் பழகிப்போன, விலை இறங்கிவிட்ட, எங்கே கோளாறு வரும் என்று முன்கூட்டியே தெரிந்த உதிரிபாகங்களை எடுத்து, அவற்றுக்கு யாரும் நினைக்காத வேலையைக் கொடுப்பதுதான் அவருடைய வழி.

அதனால்தான் இந்தத் திரை இப்படி இருக்கிறது. அகலத்தில் 160 புள்ளி, உயரத்தில் 144 புள்ளி, பாசிப்பச்சையின் நான்கு சாயல்கள், அவ்வளவுதான். பின்னாலிருந்து ஒளி கிடையாது, எதுவும் வேகமாக நகர்ந்தால் பின்னால் நிழல் இழுக்கும். அதே 1989-இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட லிங்க்ஸ் என்ற கையடக்கக் கருவியில் வண்ணத் திரையும் பின்னொளியும் இருந்தன. 1990-இல் ஜப்பானில் வந்த, சேகா நிறுவனத்தின் கேம் கியரிலும் இருந்தன. இதோ, கேம் கியரை இயக்குகிறேன். புள்ளிகளின் எண்ணிக்கை கேம் பாயில் உள்ள அதே 160-க்கு 144தான், ஆனால் ஒரே சமயத்தில் 32 வண்ணங்கள் காட்டும், உள்ளே ஒரு சிறு குழல்விளக்கே எரிகிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கேம் பாய் கல்யாண வீட்டு வாசலில் நிற்கும் தூரத்துச் சொந்தம்போலத்தான் தெரிகிறது.

ஆனால் கேம் கியருக்கு ஆறு பென்டார்ச் பேட்டரிகள் வேண்டும், அவையும் மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். லிங்க்ஸின் கணக்கும் ஏறத்தாழ அதுதான். கேம் பாய்க்கு நான்கு போதும், அந்த நான்கை வைத்துக்கொண்டு 15 மணி நேரத்திலிருந்து 30 மணி நேரம் வரை விளையாடலாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஒன்று, தன் கைச்செலவுக் காசில் பேட்டரி வாங்கி விளையாட வேண்டும் என்று வைத்துக்கொண்டு இந்த இரண்டு கணக்கையும் பாருங்கள். கேம் பாயும் அதன் பின்வந்த கேம் பாய் கலரும் சேர்ந்து 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல் விற்றன. கேம் கியர் ஏறத்தாழ ஒரு கோடியோடு நின்றது. விழும் கட்டங்களை அடுக்கும் டெட்ரிஸ் ஆட்டம் அமெரிக்காவில் கேம் பாயுடன் சேர்த்தே கொடுக்கப்பட்டது ஒரு பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் திரையில் என்ன ஓடினாலும் பேட்டரி தீர்ந்தால் எல்லாம் இருட்டுதானே.

இந்த இடத்தில் நம் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது எங்கள் தெருவில் அசல் கேம் பாயை யாரும் பார்த்ததில்லை. எங்களுக்குத் தெரிந்தவை இரண்டுதான். ஒன்று, தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் டிவி கேம். அது 1983-இல் ஜப்பானில் வந்த ஃபேமிகாமின் நகல் என்பதும், மஞ்சள் கேசட்டின் மேல் 9999 ஆட்டங்கள் என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே இருந்தவை ஒரு கைப்பிடி ஆட்டங்களும் அவற்றின் மறுபதிப்புகளும்தான் என்பதும் பின்னால்தான் புரிந்தது. மற்றொன்று, கையில் பிடித்து ஆடும் ப்ரிக் கேம். பத்துக் கட்டம் அகலம், இருபது கட்டம் உயரம் கொண்ட அந்தச் சின்னத் திரையில் கறுப்புச் செங்கற்கள் விழும். மாலை ஆறரைக்கு மின்சாரம் போனால் டிவி கேம் வைத்திருந்த பணக்கார வீட்டுப் பையனின் ஆட்டம் அப்படியே செத்துப்போகும், ப்ரிக் கேம் வைத்திருந்தவன் மெழுகுவத்திக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து ஆட்டத்தைத் தொடர்வான். பேட்டரி மங்கினால் வெயிலில் காயவைத்து, அதுவும் பலிக்காவிட்டால் பல்லால் கடித்து, இன்னும் பத்து நிமிடம் கறந்துவிடுவோம். வெயிலில் வைத்தால் சூட்டில் உள்ளே நடக்கும் வேதிவினை சற்று வேகம் எடுக்கும் என்பதால் அதில் கொஞ்சம் உண்மை உண்டு. கடிப்பதை மட்டும் யாரும் செய்துபார்க்க வேண்டாம்.

உடைந்த ஸ்பிரிங்குக்குப் பதிலாகப் புதியதைப் பற்றவைத்தாயிற்று. இப்போது கேசட் இல்லாமலே கேம் பாயை இயக்கிக் காட்டுகிறேன், காரணத்தோடுதான். மேலிருந்து ஒரு கறுப்புப் பட்டை இறங்கி நடுவில் நின்றுவிட்டது, பாருங்கள். வழக்கமாக அந்த இடத்தில் நிண்டெண்டோவின் பெயர் இறங்கி வரும். அந்தப் பெயர் கேம் பாய்க்குள் இருந்து வரைந்து காட்டப்படுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், ஆனால் அதைக் கேசட்டிலிருந்து படித்துத்தான் திரையில் போடுகிறது. 48 பைட்டு அளவுள்ள அந்தப் படம் ஒவ்வொரு கேசட்டிலும் பதிந்திருக்கிறது. கருவி, திரையில் காட்டிய பிறகு தன்னிடம் உள்ள பிரதியோடு அதை ஒப்பிடுகிறது, ஒரு புள்ளி மாறினாலும் மேலே நகராமல் அங்கேயே உறைந்துவிடுகிறது. நிறுவனத்துக்கு இது அனுமதியின்றிக் கேசட் தயாரிப்பவர்களைத் தடுக்கும் பூட்டு. நமக்கு இது இலவசப் பரிசோதனை. கேசட் இல்லாமல் முழுக் கறுப்புப் பட்டை வந்தால் கருவியின் மூளை உயிரோடு இருக்கிறது. கேசட் போட்டும் எழுத்துகள் கிறுக்கலாக வந்தால், அநேகமாகக் கேசட்டின் செப்புப் பற்களில் அழுக்கு. ஆல்கஹால் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வாயால் ஊதும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு, எச்சில் ஈரம் செப்பை அரிக்கும் என்பதால் அதை விட்டுவிடுங்கள்.

பட்டையில் செங்குத்தாக ஓரிரு வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் பயந்து ஓட வேண்டியதில்லை. திரையின் கீழ்விளிம்பில் ஒட்டியிருக்கும் இணைப்புப் பட்டை தளர்ந்திருக்கும், சூடான பற்றவைப்புக் கோலை அதன் மேல் மெதுவாக நகர்த்தினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். விற்பவரிடம் விலையைக் குறைத்துப் பேசவும் அந்தக் கோடுகள் உதவும்.

கேசட்டுகளுக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கேயும் பேட்டரி ஒளிந்திருக்கிறது. இந்த டெட்ரிஸ் கேசட்டில் பேட்டரி இல்லை. எவ்வளவு பெரிய ஸ்கோர் எடுத்தாலும் அணைத்ததும் கருவி அதை மறந்துவிடும், சான்றுக்கு நம் வாய்ச்சொல் மட்டுமே. ஆனால் 1996 பிப்ரவரியில் ஜப்பானில் தொடங்கிய, கற்பனை உயிரினங்களைப் பிடித்து வளர்க்கும் ஆட்டமான போக்கிமான் வரிசைக் கேசட்டுகளில், விளையாட்டை எங்கே நிறுத்தினோம் என்ற விவரத்தைக் காக்க வட்டமான லித்தியம் பேட்டரி ஒன்று பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அது தீர்ந்தால் ஆட்டம் ஓடும், சேமித்தது மட்டும் நிற்காது. அதே வரிசையில் 1999-இல் வந்த கோல்டு, சில்வர் கேசட்டுகளில் பகல் இரவு காட்டும் கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடுவதால் அவை முந்தைய கேசட்டுகளைவிடச் சீக்கிரம் தீர்கின்றன.

நான் வாங்கிய போக்கிமான் கேசட் ஒன்றில், யாரோ ஒரு பிள்ளை 140 மணி நேரத்துக்கு மேல் விளையாடிச் சேமித்தது அப்படியே இருந்தது. பிடித்து வைத்திருந்த உயிரினம் ஒவ்வொன்றுக்கும் வீட்டு ஆட்களின் பெயர்போலத் தெரிகிற பெயர்களைச் சூட்டியிருந்தது. புது ஆட்டம் தொடங்கிச் சேமித்தால் அது அழிந்துவிடும். பேட்டரியை மாற்றினாலும் அழிந்துவிடும், மாற்றாமல் விட்டால் ஒருநாள் தானாகவே அழியும். கணினியோடு இணைக்கும் கேசட் ரீடர் ஒன்றை வாங்கி, அந்தச் சேமிப்பை முதலில் நகலெடுத்து, பேட்டரியை மாற்றி, பிறகு திருப்பி எழுதினேன். ரீடரின் விலை அந்தக் கேசட்டின் விலையைவிட அதிகம் என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

புதிய கருவிகள் இந்தத் தொல்லைகளிலிருந்து தப்பிவிட்டன என்று நினைத்தால் அதுவும் இல்லை. 2000-களின் நடுவில் வாங்கிய ஒரு கையடக்கக் கருவி, பெயர் வேண்டாம், என் அலமாரியில் இருந்தது. ஒருநாள் எடுத்தபோது பின்மூடி தானாகத் திறந்து கிடந்தது. உள்ளிருந்த லித்தியம் பேட்டரி பூரிபோல உப்பியிருந்தது. அதே வடிவத்தில் புதிய பேட்டரியை இப்போது கம்பெனி செய்வதில்லை, வெளியார் செய்வதை நம்பி வாங்க வேண்டும். 1989-இல் வந்த கேம் பாய்க்கோ தெருமுனைப் பெட்டிக்கடையில் பேட்டரி கிடைக்கிறது. யோகோய் பழைய உதிரிபாகங்களைத் தேர்ந்தெடுத்தது அன்றைய விலை, பேட்டரிச் செலவு போன்ற காரணங்களுக்காகத்தான். சேகரிக்கும் எனக்கு அது முப்பத்தைந்து ஆண்டு கழித்தும் லாபம் தருகிறது.

கேம் பாயின் அசல் திரையை எடுத்துவிட்டு, பின்னொளியோடு கூடிய ஐபிஎஸ் என்ற இக்கால வகைத் திரையைப் பொருத்துவது பற்றியும் ஒரு வார்த்தை. என்னிடம் உள்ள இரண்டாவது கேம் பாயில் அதைப் போட்டிருக்கிறேன். பார்ப்பதற்குப் பளிச்சென்று இருக்கிறது, இரவில் விளையாடலாம், பேட்டரி மட்டும் வெகுசீக்கிரம் தீர்கிறது. முதல் பிரயாணத்துக்கே நான் எடுத்துப்போனது அசல் திரை கொண்டதைத்தான். ரயிலில் சன்னலோர இருக்கை கிடைத்தால் அந்தப் பச்சைத் திரைக்கு வேறு விளக்கு எதுவும் தேவையில்லை. வாங்க நினைப்பவர்களுக்கு என் ஒரே வேண்டுகோள், முன்பக்கப் படத்தைப் பார்த்து மயங்காதீர்கள், பேட்டரி மூடியைத் திறந்து ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குபவரிடம் நான் வாங்குவதில்லை.

இதோ, புதிய பேட்டரி நான்கையும் போட்டு டெட்ரிஸ் கேசட்டைச் செருகிவிட்டேன். பெயர் ஒழுங்காக இறங்கி வந்து, மணி அடித்ததுபோல் அந்த இரண்டு சுரங்கள் கேட்டன. திரைக்கு இடப்பக்கம் சிவப்பு விளக்கு அழுத்தமாக எரிகிறது, பேட்டரி தீரத்தீர இது மங்கும். ஓர் ஆட்டம் ஆடிவிட்டு அணைத்துவிடுகிறேன். அணைத்த கையோடு நான்கு பேட்டரிகளையும் கழற்றி, தனி டப்பாவில் போட்டு, அதன் மேல் இன்றைய தேதியை எழுதி ஒட்டிவிட்டுத்தான் கருவி அலமாரிக்குள் போகும்.